உன் கையால் ஒரு புத்தகச் சீட்டு

அன்புள்ள அம்மிணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். தாராபுரம் பக்கம் இந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. ஆடு மேயும் கொறங்காட்டில் கொளுக்கட்டைப் புல் தலை தூக்கவே இல்லை, ஆட்டுக்குத் தீவனம் விலைக்குத்தான் வாங்குகிறோம்.

நாள் முழுக்க மிட்டாய் டப்பாவுக்கு டிசைன் போட்டுவிட்டு வந்தால் சொந்தமாக வரையக் கை ஓடுவதில்லை, இந்த ஊரில் வரைய என்ன இருக்கிறது என்று போனில் கேட்டாய். எனக்கு உடனே யாக்கிவ் ஹ்னிஸ்தோவ்ஸ்கி ஞாபகம் வந்தது. உக்ரைன்காரர், 1915இல் பிறந்தவர். வார்சாவிலும் ஜாக்ரெபிலும் ஓவியம் படித்தார். போருக்குப் பிறகு ஜெர்மனியில் அகதி முகாம், 1949இல் அமெரிக்கா. அங்கே காலண்டர் போடும் கம்பெனியில் டிசைனர் வேலை. அப்புறம் நியூயார்க் போய்விட்டார். ஆளை உட்கார வைத்து வரையக் கையில் காசில்லை. பிராங்ஸ் உயிரியல் பூங்காவுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் போய், ஆட்டையும் மரத்தையும் பார்த்து வரைந்தார். 1961இல் மரப்பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுத்த செம்மறி ஆட்டுப் படம்தான் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. அந்த ரோமத்தைப் பார், கண்ணு. மேடாக விட்ட கோடு மட்டும்தான் மை பிடிக்கும், வெள்ளையாக வர வேண்டியதை எல்லாம் உளியால் எடுத்தாக வேண்டும். ஒரு கோடு அறுந்தால் ஒட்ட வைக்க முடியாது. ஈய எழுத்துக் கோத்து ட்ரெடில் அச்சு மிஷின் ஓட்டிய எனக்கே அந்தப் பொறுமை மலைப்பாக இருக்கிறது.

அவர் புத்தகச் சீட்டுகளும் நிறையச் செய்தார். முன் அட்டையின் உள்பக்கம், இது இன்னாருடைய புத்தகம் என்று ஒட்டும் சின்னச் சீட்டு. உள்ளங்கையில் அடங்கும் இடத்தில் படமும் வர வேண்டும், பெயரும் வர வேண்டும், பெயரை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பெரிய ஓவியத்தைவிட இதுதான் கஷ்டம் என்பேன்.

1985இல் நியூயார்க்கிலேயே காலமானார். இருபது வருசம் கழித்து அஸ்தியை உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சரி, எனக்கு ஒரு சீட்டு செய்து கொடு, சாமி. கிளுவை வேலியும் ஒற்றை வெள்வேல மரமும் போதும். என் பெயரைக் கம்ப்யூட்டர் எழுத்தில் போடாதே, உன் கையாலேயே எழுது. மூன்று அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், பாக்கெட் புத்தகங்களிலும் ஒட்ட வேண்டும். தாளை அங்கேயே பார்த்து வாங்கு, பசை பட்டால் சுருளாததாக.

அன்புடன்,
அப்பா