நாற்காலியைக் கவிழ்த்துக் காட்டிய பெரியவருக்கு

கோபன்ஹேகனில் அன்று நல்ல மழை. ஒதுங்குவதற்காகப் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் நுழைந்தேன். டென்மார்க் நாட்டு மரச்சாமான் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த நாற்காலி ஒன்று உள்ளே இருந்தது. முதுகுப் பலகை 'ஒய்' எழுத்துபோலப் பிரியும், அதுதான். முன்பக்கமாக நாலைந்து படம் எடுத்துவிட்டு, சரி, போதும் என்று கேமராவை மூடினேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த நீங்கள் "கொஞ்சம் இருங்கள்" என்று கைகாட்டினீர்கள். நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் கொண்டுவந்து கவிழ்த்தீர்கள். அடேயப்பா! இருக்கை முழுக்க முறுக்கிய காகிதக் கயிறு. ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர், எல்லாம் கைப்பின்னல். மேலே தேன் நிறமாகிவிட்ட கயிறு, வெளிச்சம் படாத அடிப்பக்கத்தில் இன்னும் வெளுப்பாக இருந்தது. கயிற்றோடு கயிறு சேர்த்த சின்ன முடிச்சைத் தேடி, அதில் என் விரலை எடுத்து வைத்தீர்கள். பிறகு ஆவியில் வளைத்த மேல் வளைவில் மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று காட்டினீர்கள். மேகம் விலகும்வரை சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றீர்களே, கை வலித்திருக்கும் ஐயா.

பெயர் கேட்கத் தோன்றவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. அப்புறம் வியன்னாவில் வளைமர நாற்காலிகளைப் பார்த்தபோதும் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்த்தேன். அந்தப் பயணத்தில் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அந்த முடிச்சுதான். மனமார்ந்த நன்றி, ஐயா.