புனித அகுஸ்தினார் கடிதங்கள்: அச்சேற இன்னும் ரூ. 63,500 வேண்டும்

இயேசுவில் அன்பார்ந்த பங்கு மக்களே,

ஆகஸ்ட் 28, புனித அகுஸ்தினார் திருநாளன்று நூல் வெளியீடு என்று போன வருடமே அறிவித்துவிட்டோம். ஜூலை 15-க்குள் முழுப் பணமும் கட்டினால்தான் வேலையைத் தொடங்குவோம் என்கிறார்கள் அச்சகத்தார்.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே நூலகம் வந்த கோவில் நம்முடையது. அதைத் தொடங்கிய பெரியவர்களின் ஆசைதான் இந்த நூல்.

410-இல் உரோமை சூறையாடப்பட்டதும், அதற்கு அழிவே இல்லை என்று இறுமாந்திருந்தவர்கள் எல்லாம் போச்சு என்று புலம்பினார்கள். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தினார் அந்த இறுமாப்பின் பக்கமும் சாயவில்லை, இந்தப் புலம்பலின் பக்கமும் சாயவில்லை. விண்ணக நகரை எதிர்நோக்குகிறவர்களுக்கும் மண்ணக நகரின் அமைதியில் பங்கு உண்டு என்றார். அதிகாரி மக்கெதோனியுஸ், குற்றவாளிகளுக்காக ஆயர்கள் ஏன் பரிந்து பேசுகிறீர்கள் என்று கேட்டபோது, மனிதன் திருந்த இந்த வாழ்க்கையை விட்டால் வேறு இடமில்லையே என்று பதில் எழுதினார்.

பெரியவர்கள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வது, அகுஸ்தினார் தம் நண்பரான ஆயர் அலிப்பியுசுக்கு எழுதிய கடிதத்தை. 1981-இல்தான் அது அச்சில் வந்தது. அதில் அவர் சொல்லும் செய்தி இது: அடிமை வணிகர்கள் பிடித்துவைத்திருந்த ஏறக்குறைய 120 பேரை ஹிப்போ நகரத் திருச்சபை மக்கள் மீட்டார்கள். அப்போது அகுஸ்தினார் ஊரில் இல்லை. வணிகர்களுக்குப் பெரிய இடத்து ஆதரவும் இருந்தது. ஆயர் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை!

சரி, கணக்கு. மொழிபெயர்ப்பு 60,000. பக்க வடிவமைப்பு, மெய்ப்பு 18,000. ஐந்நூறு பிரதி அச்சும் கட்டும் 92,000. மொத்தம் ரூ. 1,70,000. வந்தது 1,06,500.

ஓய்வூதியத்தில் மாதாமாதம் எடுத்துவைத்த ஆசிரியருக்கும், பிடியரிசி விற்ற பணத்தைக் கொடுத்த அன்பியத் தாய்மார்களுக்கும், குவைத்தில் உழைத்து அனுப்பிய தம்பிமார்களுக்கும், கூலி வாங்காமல் தட்டச்சு செய்த பிள்ளைகளுக்கும், பெயர் போடாதீர்கள் என்று உறையை நீட்டிவிட்டுப் போனவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

மற்றவர்களிடம் ஒரு வார்த்தை. போன திருவிழா அசன விருந்துக்கு ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் சேர்ந்தது. நல்லதுதான். பிரியாணிக்குத் திறந்த கை புத்தகத்துக்கு மட்டும் மூடிக்கொள்வதைப் பார்க்கும் பெரியவர்களுக்கு நாங்கள் என்ன சமாதானம் சொல்வது? வாக்களித்துவிட்டு இன்னும் தராத குடும்பங்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. அதைப் பீடத்தில் வாசிக்க வைத்துவிடாதீர்கள்.

ரூ. 1,000 தருபவர்களுக்கு இரண்டு பிரதிகள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் நூலக மேசையில் பணம் கட்டலாம், ரசீது கையோடு கிடைக்கும்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழு