நம் கிளப்பின் கதை: பழைய படங்கள், கொப்பிகள் தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார்,

பிள்ளைகளின் பேஸ்போல் கிளப் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டீர்கள். சரி, தொடங்கிவிட்டேன். முதல் வரியிலேயே சிக்கல்: கிளப் தொடங்கிய ஆண்டு எதுவென்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வருகிறது. முதல் ஸ்கோர் கொப்பி வெள்ளவத்தையில் யார் வீட்டு அலுமாரியிலாவது கிடக்கும். தயவுசெய்து தேடிப் பாருங்கள்.

முன்னுரையில் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்போல் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் வரும். 1939இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டோட்ஸ் என்பவர் மூன்றே அணிகளுடன் தொடங்கியது அது. அவர் செய்த கெட்டிக்கார வேலை, களத்தைப் பிள்ளைகளின் காலுக்கு ஏற்றபடி சுருக்கியதுதான். பெரியவர்களுக்கு ஒரு பேஸிலிருந்து (ஓடித் தொடும் முனை) அடுத்ததற்கு 90 அடி, சிறுவர்களுக்கு 60. நாமும் அதே 60 அடியைத்தான் கயிறு பிடித்து அளந்தோம், கயிறு தளர்ந்து கோணலாகிப் போனது வேறு கதை. அங்கே பெண் பிள்ளைகளைச் சேர்க்க 1974 ஆனது. நம்மிடம் முதல் நாளே இருவர் வந்தார்கள். இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுவேன்.

நம் நாட்டு மட்டை-பந்து விளையாட்டான எல்லே அடித்துப் பழகிய கைகள் முதன்முதலில் பேஸ்போல் மட்டையைப் பிடித்த படம் யாரிடமாவது இருக்கிறதா? ஹோமாகம பக்கம் தியகம மைதானத்துக்குப் பஸ்ஸில் போன நாளின் படங்களும் வேண்டும்.

குழுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே போட்டால் காலை வணக்கப் பூக்களுக்குள் தொலைந்துவிடும்.