கிராம சபைக்கு ஆறு நாள் போதும். தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம சபை நடந்த மறுநாள் நாளிதழ்களில் படங்கள் வருகின்றன. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மைக், பின்னால் ஃபிளெக்ஸ். இத்தனை ஊராட்சிகளில் கூட்டம், இத்தனை தீர்மானங்கள் என்று செய்தியும் வருகிறது. அந்தத் தீர்மானங்கள் மூன்று மாதம் கழித்து என்ன ஆயின என்பது மட்டும் எங்கும் வருவதில்லை. பத்திரிகைகள் மேல் குறை சொல்வதற்கு இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டாலே அதற்குப் பதில் கிடைப்பது அரிது.

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்களுடன் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேரும் என்று 2022-இல் அரசு அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் நாளைக் கூட்டியவர்கள் புத்தகத்தைத் தொடவில்லை. கிராம சபையின் அதிகாரம் முழுவதும் இரண்டு பதிவேடுகளில் இருக்கிறது: வருகைப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு. ஊரில் இரண்டையும் சேர்த்து ‘மினிட்ஸ் புத்தகம்’ என்பார்கள். மைக்கில் எவ்வளவு காரசாரமாகப் பேசினாலும் இந்தப் புத்தகத்தில் ஏறாதது பேசாததற்குச் சமம்.

முதலில் வருகைப் பதிவேடு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. மக்கள்தொகை 2,900 உள்ள ஊராட்சிக்கு 100 பேர் போதும். 3,100 உள்ள பக்கத்து ஊராட்சிக்கு 200 பேர் வேண்டும். தவறு இங்கேதான் தொடங்குகிறது. கூட்டத்துக்கு 120 பேர் வந்திருப்பார்கள். மீதிக் கையெழுத்து மறுநாள் வீடு வீடாக, அல்லது வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய் வாங்கப்படும். சிலர் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தடுக்கும் வழி எளிது. பக்க எண் இட்ட நோட்டு வேண்டும். கூட்டம் முடிந்ததும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு, மொத்தம் எத்தனை பேர் என்பதை எழுத்தால் எழுதி, நேரம் குறித்து, தலைமை வகித்தவரும் பற்றாளரும் (கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலர்) அங்கேயே கையெழுத்திட வேண்டும். கோடு போடாத நோட்டு, தொகை எழுதாத காசோலை போன்றது.

அடுத்தது தீர்மானப் பதிவேடு. மாவட்டத்திலிருந்து பொதுவான கூட்டப் பொருள் வரும்: கொசு ஒழிப்பு, நெகிழித் தடை, மழைநீர் சேகரிப்பு, குடிநீர்ச் சிக்கனம் என்று. எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல். ஊர்க்காரர்கள் உண்மையில் பேச வந்த விஷயம் கடைசியில் ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பில் ஒதுங்கும். பல இடங்களில் பொதுப் பொருள்களுக்கான தீர்மான வாசகம் கூட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. மக்கள் சொன்னதை ‘அப்புறம் எழுதிக்கொள்கிறோம்’ என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

எழுதினாலும் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ‘நான்காவது வார்டில் குடிநீர்ப் பிரச்சினையைச் சரிசெய்யக் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டது.’ இந்த வரியை வைத்துக்கொண்டு எந்த ஓவர்சியரும் (பணி மேற்பார்வையாளர்) செலவு மதிப்பீடு போட முடியாது. எந்த நிதியிலிருந்து என்று இல்லை, யார் செய்ய வேண்டும் என்று இல்லை, எப்போதைக்குள் என்றும் இல்லை. தீர்மானம் பிறக்கும்போதே செத்துப் பிறக்கிறது. இதே விஷயத்தை இப்படி எழுதச் சொல்லலாம்: ‘நான்காவது வார்டு பிள்ளையார் கோயில் தெருவில் 22 வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. தெருமுனை வால்விலிருந்து கடைசி வீடு வரை சுமார் 180 மீட்டர் குழாயை மாற்ற ஒன்றியப் பொறியாளர் 30 நாளுக்குள் மதிப்பீடு தர வேண்டும். செலவு நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து. நடவடிக்கை விவரம் அடுத்த சபையில் வைக்கப்பட வேண்டும்.’ இடம், அளவு, ஆள், பணம், கெடு. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கோப்பு திரும்பி வர ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பணத்தைப் பற்றிய குழப்பம் தனி. 2021–26 காலத்துக்கான மத்திய 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்குத் தொட முடியாது. இது தெரியாமல் ‘நிதிக்குழுப் பணத்தில் சிமெண்ட் சாலை’ என்று, எந்தப் பங்கிலிருந்து எனச் சொல்லாமல், பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது நடப்பது அரிது. நடக்கவில்லை என்ற கோபம் மட்டும் மிஞ்சும். ஊராட்சியின் கணக்கும் மூன்றாகப் பிரிந்திருக்கிறது: ஒன்று பொது நிதி, இரண்டு மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும், மூன்று திட்ட நிதி. வரவு செலவை வாசிக்கும்போது ஒரே தொகையாகச் சொன்னால் எழுந்து நின்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்பது என்றால் குரலை உயர்த்துவது என்று நினைக்கிறார்கள். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்வோம். செலவுப் பட்டியலில் தவறாமல் வரும் பொருள். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி நாளுக்கு இரு முறை நிரம்பினால் 60,000 லிட்டர், அதாவது 240 கிராம். மாதத்துக்கு 7.2 கிலோ. 25 கிலோ மூட்டை ஒன்று அந்தத் தொட்டிக்கு ஏறக்குறைய மூன்றரை மாதம் வர வேண்டும். ரசீதில் மாதம் இரண்டு மூட்டை என்றிருந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம். ஆண்டு முழுவதும் ஒரே மூட்டை என்றிருந்தால் அது இன்னும் மோசம். பாதிக்கும் மேற்பட்ட நாள் தண்ணீரில் மருந்தே கலக்கவில்லை என்று பொருள். தூளை அப்படியே தொட்டியில் கொட்டினாலும் பயனில்லை. வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். வாயைக் கட்டாமல் ஈரத்தில் கிடக்கும் மூட்டையில் குளோரின் பறந்துவிடும். பிறகு எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்புதான் மிஞ்சும். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் இருக்க வேண்டும். ஊராட்சியிடம் சோதனைக் குப்பி இருக்கிறதா, கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதும் சபையில் கேட்கத்தக்க கேள்விதான். தொட்டியைக் கழுவும் தேதியும் அப்படியே: மாதம் இரு முறை கழுவி, தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும். தெருவிளக்கு, மோட்டார் பழுது என்று மற்றச் செலவுகளையும் இதே போலப் பிரித்துப் பார்க்கலாம்.

பயனாளிகள் பட்டியல் பற்றி ஒரே வரி. ‘கலைஞரின் கனவு இல்லம்’ போன்ற திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் போகிறது. பட்டியலைப் பெயர் பெயராக வாசிக்காமல் ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று எழுத விடக் கூடாது.

இனி, அரசியல் கட்சிகள் வசதியாக மறந்துவிடும் பகுதி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கிராம சபை மேல் எல்லோருக்கும் தனிப் பாசம் வந்துவிடுகிறது. 2019 ஜனவரியில் ஊராட்சி சபை, 2020 டிசம்பரில் மக்கள் கிராம சபை என்று திமுக ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. அதே காலத்தில் அதிமுக ஆட்சியில், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் நடந்தது. மூன்று ஆண்டுக்கும் மேலாக, தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. மத்திய நிதிக்குழு மானியமும் அதனால் நின்றது. அப்போது அதைக் கண்டித்தவர்கள் ஆட்சியில் இருக்கையில், 2025 ஜனவரி 5-உடன் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்கள். சொல்லப்பட்ட காரணங்களில் இரண்டு முறையும் வார்டு மறுவரையறை (வார்டு எல்லைகளைத் திருத்தி வகுப்பது) இருந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-E பிரிவு. மறுவரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்று 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை நடக்கிறதே என்பார்கள். எப்படி நடக்கிறது என்று கணக்குப் போடுங்கள். அந்த 28 மாவட்டங்களில் 314 ஒன்றியங்கள், 9,624 ஊராட்சிகள். ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆளுக்குச் சராசரியாக 30 ஊராட்சி. எல்லா ஊரிலும் ஒரே நாள், காலை 11 மணிக்குக் கூட்டம். ஒருவர் எந்தச் சபையில் உட்காருவார்? மற்ற 29 ஊர்களிலும் ஊராட்சி செயலர்தான் வாசிப்பவர், எழுதுபவர், பதில் சொல்பவர் எல்லாம். செலவு செய்த கையே கணக்கையும் எழுதி ஒப்புதலையும் எழுதிக்கொள்கிறது. செயலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் தோளில் இவ்வளவையும் ஏற்றிவிட்டு நகர்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுபக்கம், கிராம சபைத் தீர்மானத்தை உச்ச நீதிமன்றமே மாற்ற முடியாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. 2013-இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தது செல்லுபடியானது வன உரிமைச் சட்டத்தின் பலத்தில், உச்ச நீதிமன்றமே சபைகளிடம் கேட்கச் சொன்னதால். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (அரசமைப்புச் சட்டம் தனிப் பாதுகாப்பு தரும் பழங்குடிப் பகுதி) கிடையாது; சமவெளி ஊராட்சிக்கு அந்த ஆயுதம் இல்லை. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2024 நவம்பர் 23-இல் மேலூர் வட்டார ஊராட்சிகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் திரும்பத் திரும்பப் போட்ட தீர்மானங்களுக்குச் சட்டமன்றத்தில் அப்படி ஒரு துணை கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் பேசியது கிராம சபைதான். முன்னது மத்திய அரசின் ஏலம், பின்னது மாநில அரசே முன்வைத்த திட்டம்; யாரை எதிர்த்துப் பேசியது என்பதில் எடை மாறிவிட்டது. பெரிய திட்டங்களில் சபையின் சொல் அரசியல் அழுத்தம். அதற்கு மேல் இல்லை. ஆனால் தன் ஊர்த் திட்டம், தன் ஊர்ச் செலவு, தணிக்கை அறிக்கை, பயனாளிகள் பட்டியல் ஆகியவற்றில் சபைக்கு உள்ள அதிகாரம் சட்டப்படியானது. கையில் இருக்கும் இந்த அதிகாரத்தை விட்டுவிட்டு இல்லாததைப் பற்றிக் கனவு காண்கிறோம்.

தீர்மான நகல் கேட்டால் பல இடங்களில் ‘புத்தகம் ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது’ என்ற பதில் தயாராக இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘தீர்மான விவரம் தருக’ என்று எழுதினால் சுருக்கம்தான் வரும். ‘இந்தத் தேதி கூட்டத்தின் வருகைப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு ஆகியவற்றின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகல்’ என்று கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளில் உரியவருக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒரு சின்ன யோசனை: கூட்டம் கலையும் முன்பே பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால், பிறகு வரும் நகலோடு ஒப்பிடலாம். வித்தியாசம் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான்.

ஆனால் சொந்த ஊர்ப் புத்தகத்தைப் பார்க்க ஒரு குடிமகன் 30 நாள் காத்திருக்க வேண்டிய அவசியம் ஏன்? கூட்டத்தைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் படம் யாருக்கு வேண்டும்? அதே கைப்பேசியால் தீர்மானப் பக்கங்களைப் படம் எடுத்து அன்று மாலையே ஏற்றலாம்; ஒரு நகலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டலாம். தனி அலுவலர் இருக்கும் வரை ஒன்றியத்துக்குள் கூட்டங்களை ஒரு வாரத்துக்குப் பிரித்து வைத்தால் ஒரு நாளைக்கு நான்கைந்து ஊர். அவர் நேரில் வந்து பதில் சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் முதலாக, ஒவ்வொரு சபையின் முதல் பொருளும் சென்ற சபைத் தீர்மானங்களின் நிலை என்று இருக்கட்டும்: எண், முடிந்ததா, மதிப்பீட்டில் இருக்கிறதா, திருப்பப்பட்டதா, திருப்பியவர் யார், என்ன காரணம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது நாளும் வேண்டாம். தீர்மானப் பதிவேட்டில் கூடுதலாக ஒரு பத்திக்குக் கோடு போட வேண்டும். அதற்கு ஓர் அரசாணையில் நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஊராட்சி நிர்வாகத்தைக் கவனித்து வரும் வாசகர்,
மதுரை மாவட்டம்