ஒளிப்படலத்தில் விழும் புள்ளிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லேசர்த் துடிப்புகளால் மென்படலம் வளர்த்து அதற்குள் ஒளியைச் செலுத்துவது பற்றி உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இந்த விசயத்தைத் தமிழில் எழுத முன்வந்தவருக்கு என் நன்றி. ஆனால் ‘லேசர் பட்டதும் பொருள் ஆவியாகிப் பளிங்கில் படியும், ஒளிப்பாதை தயார்’ என்று முடித்திருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தத் ‘தயார்’ என்ற சொல்லுக்காக இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் மூன்றரை வருடம் பாடுபட்டவன் நான்.

என் வாப்பா மருதமுனையில் கைத்தறி நெய்தவர். சாறனைத் தறியிலிருந்து இறக்கியதும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலுக்கு நேரே விரித்துப் பிடிப்பார். கைக்குத் தட்டுப்படாத முடிச்சும் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். நான் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

எங்களுடையது கிரிப்டன் புளோரைட்டு எக்சைமர் லேசர், வாயுவில் இயங்குவது. 248 நனோமீற்றர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த ஒளி. ஒரு துடிப்பு சுமார் 20 நனோ செக்கன்தான் நீடிக்கும். காற்றை உறிஞ்சியெடுத்துக் கொஞ்சம் ஒட்சிசன் மட்டும் விட்ட உருக்குக் கலத்துக்குள், படலமாக வேண்டிய பொருளால் செய்து சுழலவிட்ட வட்டில் அது படும். பட்ட இடத்திலிருந்து நீலம் பாய்ந்த சுடரொன்று குப்பென்று எழும். நாலு சென்ரிமீற்றர் தள்ளி, 700 பாகை அளவில் சூடேற்றிய யாக் (இத்திரியம், அலுமினியம், ஒட்சிசன் சேர்ந்தது) பளிங்குத் துண்டொன்று அதை வாங்கிக்கொள்ளும். ஒரு துடிப்புக்கு ஓர் அணுவின் பருமன்கூடச் சேராது. 0.02 நனோமீற்றர் என்று வையுங்கள்: 5 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) தடிப்பு வர இரண்டரை இலட்சம் துடிப்பு வேண்டும். செக்கனுக்குப் பத்து வீதம் அடித்தால் ஏழு மணித்தியாலம்.

நான் வளர்த்தது கடோலினியம் கலியம் காணட் என்ற பளிங்குப் படலம். அதன் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, சுமார் 1.95, கீழே உள்ள யாக்கினுடையது 1.82. மேலே வெறும் வளி. உயர்தரப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, அவர்கள் கணக்குச் செய்கிற முழுவுட்தெறிப்பேதான் ஒளியைப் படலத்துக்குள் பிடித்து வைக்கிறது.

என் முதல் படலம் கண்ணாடிபோல இருந்தது. ஓரத்தை மெருகிட்டு, வில்லை வைத்துச் சிவப்பு ஒளியை உள்ளே விட்டேன். மேலிருந்து பார்த்தால் மெல்லிய கோடொன்று மங்கலாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ நெருப்புப்பொறி சிதறின மாதிரி நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள். ஒளி மறுமுனைக்குப் போய்ச் சேரவேயில்லை. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் உருகித் தெறித்து உறைந்த சின்னத் துளி. வட்டை மறுபடி தேய்த்துச் சமப்படுத்தாமல் அதே தடத்தில் மணிக்கணக்காக அடித்ததால் அதன் மேற்பரப்புக் குழி விழுந்து, ஆவியோடு துளிகளும் பறந்திருந்தன. பிழை என்னுடையது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் வட்டைத் தேய்த்தேன், சக்தியைக் குறைத்தேன், கதிர் விழும் தடத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். துளிகள் குறைந்தன, முற்றாக ஒழியவில்லை.

துளிகளோடு கரைச்சல் முடியவில்லை. வட்டில் உள்ள கலவை அப்படியே படலத்துக்கு வரும் என்பதுதான் இந்த முறையின் பெருமை. ஆனால் சூட்டில் கலியம் நிலைத்து நிற்காது, அதனால் வட்டிலேயே அதைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, யாக்கின் அணு அடுக்கு இடைவெளிக்கும் காணட்டினுடையதற்கும் நூற்றுக்கு மூன்று வித்தியாசம். பாவின் நெருக்கம் பிசகினால் துணி சுருங்கும் என்பார் வாப்பா. படலம் தடிக்கத் தடிக்க வெடிப்பு விடும் என்ற பயத்தோடேயே நான் இருந்தேன்.

கட்டுரையாளர் 1965இல் ஸ்மித், டேர்னர் இருவரும் லேசரால் முதன்முதலில் படலம் படிய வைத்ததையும், 1987இல் வெங்கடேசன் இடம்பெற்ற, அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனமான பெல்கோர் குழுவின் மீகடத்திப் (மின்தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும்) படலங்களையும் சொல்லியிருந்தார். நல்லது. 1990களில் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில், இப்படி வளர்த்த நியோடிமியம் சேர்ந்த காணட் படலத்திலிருந்தே லேசர் ஒளியை எடுத்தார்கள் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

என் கவலை நம் பிள்ளைகளைப் பற்றியது. எல்லாம் முதல் தடவையே சரிவருகிற வித்தை போல எழுதினால், சம்மாந்துறையிலோ வந்தாறுமூலையிலோ விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை தன் பரிசோதனை பிசகுகிற அன்றைக்கே ‘இது எனக்குரியதல்ல’ என்று ஒதுங்கிவிடும். ஒதுங்க நினைத்தவன் நானும். அடுத்த கட்டுரையில் துளிகளைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள்.

கெட்டுப்போன அந்த முதல் துண்டு, பத்து மில்லிமீற்றர் சதுரம், இன்னும் என்னிடம் இருக்கிறது. இருட்டில் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் புள்ளிகள் மினுங்கும். கல்முனைப் பக்கத்துப் பௌதிகவியல் ஆசிரியர்கள் யாரும் கேட்டால் வகுப்புக்கே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மருதமுனை வாசகன்