மணியைக் கூட்டிப்போக வரும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த மாதம் நம் நாய் மணியை ஷா ஆலத்தில் உன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விட்டுப்போனபோது குடையை விரித்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடியவன், இப்போது மழை நாளில் என்னோடு கடை வாசல் நடைபாதை வரை வருகிறான். சாயங்காலம் செம்பனை லோரி போனால் நின்று பார்க்கிறான், பிறகு தன் பாட்டுக்கு மோந்துகொண்டு நடக்கிறான். ஆனால் இது இங்கே சுங்கை சிப்புட்டில், நம் ஊரில், அவனுக்கு வந்த தைரியம். உன் அடுக்குமாடி கொண்டோவில் லிஃப்ட், கார் பார்க், தூசி உறிஞ்சும் வேக்கம் எல்லாமே அவனுக்குப் புதுசு. அங்கே சில வாரங்களுக்குப் பழைய மணியைத்தான் பார்ப்பாய், மனம் தளராதே.

யாரோ அடித்துத்தான் இப்படி ஆகிவிட்டான் என்று நீ அழுதாய் இல்லையா? அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை அம்மா. பிறந்து சுமார் 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரைதான் நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் என்று ஈப்போவில் கால்நடை மருத்துவர் விளக்கினார். அந்த வயதில் பார்க்காத ஆள், கேட்காத சத்தம் எல்லாம் பின்னால் பயமாகத் தெரியும். வளர்ந்த பிறகும் பழக்கலாம், நாள்தான் கூடப் பிடிக்கும்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. எதன் பக்கத்திலும் அவனை இழுத்துக்கொண்டு போகாதே. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

புல்வெட்டும் மெஷின் கதையைச் சொல்கிறேன், அதில் எல்லாம் இருக்கிறது. நகராண்மைக் கழகத்து ஆட்கள் திடலில் புல் வெட்ட வந்தால் மணி நடுங்குவான். நான் அவனைத் தெருக்கோடிக்குக் கூட்டிப்போய் நின்றேன். அங்கிருந்து சத்தம் கேட்கும், ஆளும் தெரியும், ஆனாலும் அவனால் சாப்பிட முடிந்தது. அதுதான் அளவு. மெஷின் உறுமினால் அவித்த கோழி ஒரு துண்டு, நின்றால் கோழியும் நின்றுவிடும். இந்த வரிசை மாறக்கூடாது. சத்தம் முதலில், தீனி பின்னால். அப்போதுதான் சத்தம் வந்தால் நல்லது வரும் என்று அவன் மனதில் பதியும். பாவ்லோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி நூறு வருஷத்துக்கு முன்பே நாய்களை வைத்துக் கண்டறிந்த விஷயம்தான். பிறகு ஒரு நாள் அவனாகவே நாலு அடி முன்னால் போனான். நான் கயிற்றைத் தளர்த்திவிட்டு நின்றேன், அவ்வளவுதான். இன்னொரு நாள் பின்னால் வந்துவிட்டான், அதற்கும் சரி என்றேன். போகலாம், வேண்டாமென்றால் திரும்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அவனுக்குக் கிட்டே போகும் ஆசையே வந்தது.

கோழியை வாங்க மறுத்தால் மிகவும் கிட்டே வந்துவிட்டாய் என்று அர்த்தம், உடனே தள்ளிப் போ. தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொண்டே இருப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, இதெல்லாம் அவன் முடியவில்லை என்று சொல்வது. உறுமினால் அதட்டாதே. உறுமலை அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அப்புறம் சொல்லாமல் கடிக்கும் நாயாகிவிடுவான்.

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று உனக்கும் யாராவது சொல்வார்கள். அதை நம்பாதே. உன்னிடம் வந்து ஒண்டினால் அணைத்துக்கொள், தாராளமாக.

லிஃப்ட்டுக்கு அவசரம் வேண்டாம். கூட்டம் இல்லாத நேரத்தில் தள்ளி நின்று, கதவு திறந்து மூடுவதை மட்டும் பார்க்கவிடு. பிறகு திறந்த கதவருகே தீனி. உள்ளே கால் வைத்து வெளியே வந்தால் அன்றைக்கு அது போதும். அதுவரை படியில் ஏறி இறங்கு, உன் வீடு மூன்றாவது மாடிதானே. கழுத்துப்பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டைதான் நல்லது. மிரண்டு பின்வாங்கினால் கழுத்துப்பட்டை கழன்றுவிடும்.

பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வை. அவர்கள் நடைபாதையில் வந்தால் நீ ஒதுங்கி நில். நாயின் எச்சில் படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஒதுங்கி நிற்பது மணிக்கும் நல்லதுதான், புது ஆட்களைத் தூரத்திலிருந்து பார்த்துப் பழகுவான். இங்கே மகாத்மா காந்தி கலாசாலை விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்றுதான் பிள்ளைகளைப் பழகினான். யாரையும் ஓடிவந்து தலையில் தொட விடாதே. அவர்கள் உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி இருக்கட்டும், அவனாக வந்து மோந்து பார்க்கட்டும்.

தீபாவளி வெடிதான் எனக்குக் கவலை. அதன் பிறகு சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று வந்துகொண்டே இருக்கும். வெடிச்சத்தத்தை போனில் மிக மெதுவாகப் போட்டு, சாப்பிடும் நேரத்தில் பழக்கு. பண்டிகை அன்றைக்கு இருட்டும் முன்பே அவனை வெளியே கூட்டிப் போய்விட்டு வா. ஜன்னலைச் சாத்தி, காற்றாடியும் ரேடியோவும் போட்டு கூடவே இரு. அப்படியும் தாங்காவிட்டால் மருத்துவரிடம் மருந்து கேள், அதில் தப்பே இல்லை. ஆனால் கடைசி நாளில் கேட்காதே.

தீனி உப்பில்லாமல் அவித்த கோழி, எலும்பு வேண்டாம். குழம்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதே, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. அவன் படுக்கும் பாயை அம்மா துவைக்காமல் வைத்திருக்கிறாள், வாசனை மாறாமல் அப்படியே எடுத்துப் போ.

முடிந்தால் வெள்ளிக்கிழமையே லீவு போட்டு வா. காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, உள்ளே சோறு வைத்துப் பழக்க இரண்டு நாளாவது வேண்டும். எஞ்சினை அப்புறம் போடலாம்.

அன்புடன்,
அப்பா