ஹெச்.பி. ஏறவில்லை என்றால்

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நடுவில் நிறுத்திவிடப் போகிறார், பார்த்துக்கொள்.

இரும்பு மாத்திரை ஒழுங்காகப் போயும் உன் வட்டாரத்துக் கர்ப்பிணிகளுக்கு ஹெச்.பி. (ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று) 9.5-ஐத் தாண்டவில்லை, "வாங்கிக்கொண்டு போய்த் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்" என்று செவிலியர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். இருக்கலாம். ஆனால் அதை அறிக்கையில் ஏற்றும் முன் அந்த 9.5 எப்படி வந்தது என்று பார்.

சாலி முறை என்றால் கணக்கிலேயே சேர்க்காதே. ரத்தத்தை அமிலத்தில் கலந்து 10 நிமிடம் வைத்த பிறகுதான் தண்ணீர் விட்டு நிறம் பார்க்க வேண்டும். கூட்டம் அலைமோதும் நாளில் யார் காத்திருப்பார்கள்? நிறம் முழுதாக வராமலே பார்த்தால் அளவு குறைந்துதான் விழும்.

விரலில் குத்திய ரத்தத்தில் ஹெச்.பி. காட்டும் ஹீமோகியூ நல்ல கருவி, கோளாறெல்லாம் விரலில்தான். நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். குத்தும் ஊசியான லான்செட் ஆழமாக இறங்காவிட்டால் ரத்தம் வராது, உடனே விரலைப் பிழிவார்கள். பிழிந்தால் திசுநீரும் கலந்து வரும், ஹெச்.பி. குறைத்துக் காட்டும். முதல் இரண்டு சொட்டைத் துடைத்துவிட்டு, மூன்றாவது நன்றாகத் திரண்டதும் கியூவெட்டை (கருவிக்குள் வைக்கும் சின்ன ரத்தச் சில்லை) ஒரே தடவையில் நிரப்ப வேண்டும். பாதி நிரம்பியதை மறுபடி தொட்டு நிரப்பினாலோ, உள்ளே குமிழ் இருந்தாலோ அது குப்பைக்கு. வெளியே ஒட்டிய ரத்தத்தைத் துடைக்கும்போது பஞ்சு திறந்த ஓரத்தில் பட்டால் உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும். இதைத்தான் பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதில்லை. கியூவெட் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் உள்ளே பூசிய மருந்து கெடும். திறந்த தேதியை மூடியிலேயே எழுதச் சொல்.

பணம் இருந்தால் எல்லோருக்கும் கை நரம்பிலேயே எடு. சின்னக் குழந்தைகளின் ரத்தசோகையைப் பார்: விரல் ரத்தத்தை அளந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 67%, நரம்பு ரத்தம் எடுத்த 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 41%. ஆண்டும் வயது வரம்பும் கொஞ்சம் வேறு என்றாலும், அதை வைத்து மட்டும் இவ்வளவு இடைவெளியை விளக்க முடியாது.

எந்த மாதத்தில் அளந்தது என்பதையும் படிவத்தில் சேர். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட அதிகமாகப் பெருகுவதால் நடு மாதங்களில் ஹெச்.பி. தானாகவே இறங்கும். நம் திட்டத்தில் எல்லா மாதத்துக்கும் எல்லை 11. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் நடு மூன்று மாதங்களுக்கு 10.5 என்று வைத்தது. இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு வை.

அடுத்து மாத்திரை. 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. ஹெச்.பி. 7 முதல் 10.9 வரை இருந்தால் இரண்டு. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். காலி அட்டையைக் கொண்டுவரச் சொல். எத்தனை மணிக்கு, எதோடு என்று கேள். கால்சியத்தையும் இந்தச் சிவப்பு இரும்பு மாத்திரையையும் ஒரே மடக்கில் போட்டுக்கொள்வதும், போட்ட கையோடு டீ குடிப்பதும்தான் எங்கும் நடக்கிறது. இரண்டுமே இரும்பை உடம்பில் சேரவிடாது. குமட்டல் என்பவர்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. கொஞ்சம் குறைவாகத்தான் சேரும், ஆனாலும் விட்டுவிடுவதற்கு அது மேல். மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறாதவர்களுக்கு முழு ரத்த எண்ணிக்கை பார். எல்லா ரத்தசோகையும் இரும்புக்குறை அல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களின் ரத்தசோகை ஈஸ்ட் சாரத்தில் குணமாவதை ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் 1931-இலேயே எழுதிவிட்டார்; அங்கே குறைந்தது இரும்பு அல்ல, ஃபோலேட். அணுக்கள் சிறுத்து எண்ணிக்கை மட்டும் கூடுதலாக இருந்தால் தலசீமியா மரபு (ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரைக் குறை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெருத்திருந்தால் பி12, ஃபோலேட். இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தால் அணுக்களின் சராசரி அளவு சாதாரணமாகவே தெரிந்து ஏமாற்றும், அதனால் ஆர்.டி.டபிள்யூ.வையும் (அணுக்கள் அளவில் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற எண்) பார். நீலகிரிப் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் பட்டியலில் இருந்தால் அரிவாள் அணுச் சோதனையை (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்க்கானது)த் தள்ளிப் போடாதே.

படிவத்தை அனுப்பு, பார்த்துத் தருகிறேன். ஆய்வகத்துக்குப் போகும் குழாய்களை எடுத்தவுடனே எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கச் சொல். குலுக்கக் கூடாது. உறைந்த குழாயில் எந்த எண் வந்தாலும் அது எதற்கும் ஆகாது.

அன்புடன்,
வசந்தி